மரபணு திருத்திய நெல்லும் பி.டி. பருத்தியும் ஒன்றுதானா? அந்த அரிசியைச் சாப்பிடலாமா?

அது வேறு, இது வேறு. சாப்பிடுவதிலும் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இந்த நெல்லைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் சில உண்டு. என்னிடம் யாரும் அவற்றைக் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

தில்லியில் தாவர மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்த நெல்லை உருவாக்கிய குழுக்களில் நான் இல்லை. ஆகவே யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. 2025 மே 4 அன்று மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் இங்கே அறிவித்ததிலிருந்து, மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் தமிழர்கள் என்னை விடுவதில்லை. "நம் பொன்னியிலேயே கை வைத்துவிட்டார்களாமே, நிஜமா?" என்று மேல்வீட்டு மாமி கேட்டார்.

ஒரு வகையில் நிஜம்தான் மாமி. முதல் ரகமான 'கமலா'வின் தாய், சம்பா மசூரி எனப்படும் பி.பி.டி. 5204. நம் ஊர் அரிசி மண்டிகளில் அதை ஆந்திரா பொன்னி என்பார்கள். அதைத் திருத்தியது ஹைதராபாத்தின் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம். இரண்டாவது ரகமான 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1', எம்.டி.யு. 1010 என்ற ரகத்திலிருந்து இங்கே தில்லி பூசா வளாகத்தில் உருவானது.

பி.டி. பருத்தியில் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணு உட்கார்ந்திருக்கிறது. காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தை அதுதான் செய்கிறது. கமலாவில் அப்படி எதையும் சேர்க்கவில்லை. நெல்லிடம் இருந்த ஒரு மரபணுவை முடக்கியிருக்கிறார்கள். கதிர் உருவாகும் நுனியில் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் எவ்வளவு இருக்கிறதோ, அந்த அளவுக்குச் செல்கள் பிரிந்து பூக்கள் கூடும், மணிகளும் கூடும். அந்த ஹார்மோனைச் சிதைக்கும் நொதிக்கு சி.கே.எக்ஸ்.2 என்று பெயர். முடக்கியது அதைச் செய்யும் மரபணுவைத்தான். அந்த நொதி குறைந்தால் கதிர் கனக்கும். இது ஆய்வகத்தில் பிறந்த யோசனையும் அல்ல. ஹபாடகி என்ற ரகத்தில் இந்த மரபணு இயற்கையாகவே மந்தமாக இருப்பதை ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகக் குழு 2005-இல் கண்டுபிடித்தது. சீன ரகம் ஒன்றில் டி.என்.ஏ.வின் 11 எழுத்துகள் தானாகவே உதிர்ந்து இந்த மரபணு செத்தே கிடந்தது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. பூசா ரகத்தில் முடக்கிய டி.எஸ்.டி. என்பது வேறு சில மரபணுக்களை ஏவும் புரதம். அது இல்லாவிட்டால் இலைத்துளைகள் குறையும், இருப்பவையும் எளிதில் மூடிக்கொள்ளும். செடி வறட்சியையும் உப்பையும் தாங்கும். இதை 2009-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, கமலாவில் முடக்கிய அந்த சி.கே.எக்ஸ்.2-ஐ ஏவிவிடுவதே இந்த டி.எஸ்.டி.தான் என்று தெரியவந்தது! இரண்டு நகரங்களில் இரண்டு குழுக்கள் தொட்டது ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளை.

இலைத்துளையை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நெல் இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லத் தடவுங்கள். காய்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் வையுங்கள். நரம்புகளுக்கு இணையாக, வரிசை பிசகாமல், இரு முனையும் பருத்து நடு ஒடுங்கிய டம்பெல் போன்ற செல்கள் ஜோடி ஜோடியாகத் தெரியும். அந்த ஜோடிகளுக்கு நடுவே உள்ள கீற்றுதான் செடி மூச்சு விடும் வழி, தண்ணீரை இழக்கும் வழியும் அதுவே. பூசா குழு துளைகளை எண்ணிப் பார்த்துத்தான், திருத்திய செடியில் அவை குறைந்திருப்பதை 2020-இல் வெளியிட்டது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இப்படித் திருத்துவதற்குப் பயன்படும் கிரிஸ்பர் முறையில் மரபணுவை வெட்டும் கேஸ்9 புரதம் பாக்டீரியாவிலிருந்து வந்தது. வழக்கமாக அதன் மரபணுவை முதலில் செடிக்குள் செலுத்துகிறார்கள். ஆக, முதல் தலைமுறைச் செடி சந்தேகமில்லாமல் மரபணு மாற்றப்பட்டதுதான். அதைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால், மெண்டல் சொன்ன கணக்குப்படி நாற்றுகளில் கால் பங்குக்கு அந்த அயல் மரபணு போய்ச் சேராது. ஒவ்வொரு நாற்றிலிருந்தும் இலைத்துண்டு கிள்ளி, டி.என்.ஏ. பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கி, ஜெல்லில் ஓட்டிப் பார்ப்போம். தேடும் மரபணு இருந்தால் கோடு விழும். கேஸ்9 கோடு இல்லாமல், திருத்தம் மட்டும் இருக்கும் நாற்றையே வளர்ப்போம். ஜெல்லில் கோடு விழாததற்காக நாங்கள் சந்தோஷப்படும் அபூர்வமான வேலை இது.

"தவறிப்போய் வேறு இடத்தில் வெட்டியிருந்தால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, மரபணுத்தொகுதியைப் படித்துச் சரிபார்க்கத்தான் வேண்டும். அதே சமயம், கதிர்வீச்சால் கண்டபடி சடுதிமாற்றம் செய்து பெற்ற டிராம்பே நிலக்கடலை ரகங்களை இத்தனை காலமாக வறுத்துத் தின்கிறோம், ஒருவரும் கேட்டதில்லை. ஏன், சம்பா மசூரியின் பூர்வீகத்திலேயே கோயம்புத்தூரில் 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24 இருக்கிறது. வயலில் தானாக நிகழ்ந்த சடுதிமாற்றத்தில் கிடைத்த ரகம் அது.

சரி, கேட்க வேண்டியவை எவை? முதலாவது, விளைச்சல். கமலா 19 சதவீதம் கூடுதலாக விளையும், 20 நாள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்கிறது அரசு. மரபணு மாற்றப் பயிர்களை எதிர்க்கும் அமைப்புகள் சோதனை வயல் முடிவுகளை வைத்தே அதை மறுக்கின்றன. இரு குழுக்களுக்கும் மேலமைப்பான இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் கிடைத்த எண்களை அப்படியே பொதுவில் வைத்துவிட்டால் இந்தச் சண்டையே இருக்காது. அயல் மரபணு இல்லாத திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கட்டுப்பாடுகளிலிருந்து 2022 மார்ச்சில் மத்திய அரசு விதிவிலக்கு கொடுத்தது அறிவியல்படி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் விலக்குப் பெற்றவர்களுக்குத்தான் வெளிப்படைத்தன்மையில் கூடுதல் பொறுப்பு உண்டு.

இரண்டாவது, காப்புரிமை. கேஸ்9 நுட்பத்தின் அடிப்படை உரிமைகள் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது ஒன்று, விதையாக விற்பது வேறொன்று. எந்த ஒப்பந்தத்தின் பேரில் இந்த விதை வயலுக்கு வரும், அதற்கான பணத்தை யார் கொடுப்பார்கள், தஞ்சாவூரில் ஒரு விவசாயி அறுவடையில் ஒரு மூட்டையை அடுத்த போகத்துக்கு விதைநெல்லாக எடுத்து வைக்கலாமா என்பதையெல்லாம் விற்பனை தொடங்கும் முன்பே எழுத்தில் தெளிவாக்கச் சொல்லிக் கேளுங்கள்.