எஞ்சின் மாற்றிய பழைய வண்டி கிளம்பவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எஞ்சின் மாற்றிய வண்டியைப் பற்றி எழுதும் எல்லோரும் “எஞ்சினில் என்ன கோளாறு?” என்றே கேட்கிறீர்கள். நேற்றுவரை வேறொரு வண்டியில் நன்றாக ஓடிய எஞ்சின், இடம் மாறியதால் மட்டும் கெட்டுவிடாது. பழைய வண்டியும் வந்த எஞ்சினும் கைகோக்கும் இடங்களை முதலில் பாருங்கள்: எர்த், ஒயர், எரிபொருள் குழாய்.

அம்பாசிடரில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு இசுசு டீசல் எஞ்சின் வைத்தோம். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டுமே. பேட்டரி புதிது. செல்ஃப் மோட்டாரை (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) கழற்றலாமா?

இப்போதே கழற்றாதீர்கள். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டுகளின் மேல்; ரப்பர் வழியே மின்சாரம் பாயாது. அதனால்தான் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை இருக்கும். எஞ்சினை இறக்கும்போது கழற்றிய அந்தப் பட்டையைத் திரும்பப் பூட்ட மறந்துவிடுவார்கள். அல்லது பெயின்ட்டின் மேலேயே பூட்டிவிடுவார்கள். விளக்கும் ஹார்னும் பாடியிலிருந்து எர்த் எடுப்பதால் ஒழுங்காக வேலை செய்து நம்மை ஏமாற்றும். டீசல் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் கரண்ட் தேவை என்பதால் குறை உடனே வெளிப்படும்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் சுற்றினால் கோளாறு அகப்பட்டது. மல்டிமீட்டர் இருந்தால், ஜம்பர் கேபிளை எடுத்துவிட்டு, செல்ஃப் போடும்போது அதே இரு இடங்களுக்கும் இடையே அளந்து பாருங்கள், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறதா என்றும் கவனியுங்கள். பட்டை இல்லாதபோது கரண்ட் அந்த மெல்லிய கம்பி வழியே ஓடப் பார்க்கும். கம்பி கருகும்வரை விடக்கூடாது.

அதே மாற்றம்தான். எங்கள் வண்டியில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை.

சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. கிளப்பும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளைச் சோதியுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. பம்பில் உள்ள கட்-ஆஃப் சோலனாய்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) சாவி போட்டதும் 12 வோல்ட் வர வேண்டும். பெட்ரோல் வண்டியில் அதற்கு ஒயரே இருந்திருக்காது. புதிதாக இழுத்தார்களா என்று கேளுங்கள். மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயும் அப்படித்தான். அடுத்து, ஃபில்டரில் பிடித்திருக்கும் காற்றைக் கை பம்பால் வெளியேற்றுங்கள். இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்தினால் அதன் எதிரே விரலை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

மாருதி ஜிப்சியில் எஸ்டீம் காரின் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சின். செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. சாவியை விடும் கணத்தில் மட்டும் ஒருமுறை ‘பக்’ என்கிறது.

பதிலை உங்கள் கேள்வியே சொல்லிவிட்டது. சாவி ‘ஸ்டார்ட்’ நிலைக்குப் போகும்போது ரேடியோ போன்றவற்றுக்கான லைன் அணைந்துவிடும். இசியு (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) அல்லது பெட்ரோல் பம்புக்கு அந்த லைனிலிருந்து கரண்ட் எடுத்திருக்கிறார்கள். செல்ஃப் சுற்றும்போதும் உயிரோடு இருக்கும் இக்னிஷன் லைனுக்கு மாற்றுங்கள். கார்புரேட்டர் காலத்துப் பம்பையே வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்; இன்ஜெக்‌ஷனுக்குத் தேவையான அழுத்தத்தை அதனால் தர முடியாது.

பழைய அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சின். கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது.

சிலிண்டர் எண்படி பிளக் ஒயர் வரிசை 1-3-4-2. இந்த எஞ்சினில் பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்டிரிபியூட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அந்தத் திசையிலேயே வரிசையாக மாட்டுங்கள். அப்படியும் வெடித்தால் டிஸ்டிரிபியூட்டர் அரைச்சுற்று மாறி உட்கார்ந்திருக்கும்.

ஆர்.சி.யில் புது எஞ்சின் எண்ணைப் பதிய வேண்டுமா?

கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன் கீழ் வருகிறது. எஞ்சின் வாங்கிய ரசீதோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள், ரசீது இல்லாத எஞ்சினை வாங்கவே வாங்காதீர்கள்.