34 வயதில் நர்சிங்: மகளை நினைத்துக் கவலைப்படும் ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் எழுதுபவை. நீங்கள் 34 வயது மகளுக்காக எழுதியிருக்கிறீர்கள். அவள் வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தவள், ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், எட்டு வயதில் ஒரு மகன். உங்கள் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்த ஒன்றரை ஆண்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தது அவள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் போன பிறகு, நர்ஸ் ஆகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள்.

அந்த ஒன்றரை ஆண்டில் அப்பாவின் முதுகில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை நான் இரண்டு முறை படித்தேன். படுத்த படுக்கையான ஒருவரைப் புண் வராமல் காப்பது எவ்வளவு கடினம் என்பது வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் மகளுக்கு இந்த வேலையின் மனம் இருக்கிறது. ஆகவே அவளைத் தடுக்கும் புத்தியை என்னால் சொல்ல முடியாது. படிக்கட்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் நாள் அதிகம் இல்லை.

இந்திய செவிலியர் மன்றத்தின் விதிப்படி, ஜி.என்.எம். எனப்படும் நர்சிங் பட்டயப் படிப்பில் சேர 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு 35. ஏற்கெனவே ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் படிப்பை முடித்தவர்களுக்குத்தான் இந்த வரம்பு இல்லை. அரசு நர்சிங் பள்ளி இடங்களுக்கு வயது விதியும் சலுகைகளும் அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டில் பிரிவுவாரியாக அச்சாகியிருக்கும். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். பேரன் கொஞ்சம் வளரட்டும், இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடம் கழித்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது அம்மா.

வணிகவியல் படித்தவளுக்கு நர்சிங்கில் இடம் எப்படிக் கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். அது அவளுக்குக் கிடையாது. மூன்று ஆண்டு ஜி.என்.எம்.முக்கு எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் சரி. மொத்தத்தில் 40 சதவீத மதிப்பெண்ணும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டால் அவள் முழுமையான செவிலியர். பட்டம் வேண்டுமென்றால் பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாற்பதை நெருங்கிய ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைப் பார்க்க வந்தார். ஒரு கடைக்கு மேல் மாடியில் நடந்த "நர்சிங்" வகுப்பில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, ஓராண்டு படித்து, சான்றிதழும் வாங்கியிருந்தார். அதை வைத்து எங்கும் பதிவு செய்ய முடியாது என்பது வேலை கேட்டுப் போன இடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் வயது வரம்பும் தாண்டிவிட்டது. அந்த அம்மாள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. ஓராண்டுப் படிப்பு, ஆறு மாதப் படிப்பு, வீட்டிலிருந்தே படிப்பு என்று யார் சொன்னாலும் அது உதவியாளர் வேலைக்கான பயிற்சியாக இருக்கலாம், செவிலியர் ஆக்காது. செவிலியர் மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் பள்ளியின் பெயரை உங்கள் மகள் தன் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டட்டும்.

அடுத்தது விடுதி. குழந்தை உள்ள பெண்கள் பெரும்பாலும் கடைசியில் கேட்கும் கேள்வி இது; முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். பல நர்சிங் பள்ளிகளில் மாணவிகள் விடுதியில்தான் தங்க வேண்டும். வீட்டிலிருந்து வந்து போக அனுமதி உண்டா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். பள்ளி முதல்வர் மாறினால் விதியும் மாறும்.

படிப்பு கடினமா? முதல் ஆண்டு அவளை உலுக்கும். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றும் அந்த ஆண்டிலேயே வந்துவிடும். பதினாறு ஆண்டுகள் புத்தகம் தொடாத ஒருவருக்கு எலும்புகளின் பெயர்களே மலையாகத் தெரியும். சேர்க்கைக்கு முந்திய மாதங்களில் பதினோராம் வகுப்பு உயிரியல் பாடநூலின் மனித உடல் பகுதியைத் தமிழிலேயே படித்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலப் பெயர்கள் தானாக ஒட்டும். இரண்டாம் ஆண்டில் வார்டு வேலை கூடும்போது, பக்கத்தில் நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்களைவிட அவள் கை நிதானமாக இருக்கும். வயதில் மூத்த மாணவிகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. அழுகிற நோயாளியைக் கண்டு பதறி ஒதுங்க மாட்டார்கள்.

பாடத்தைவிட வருகைப்பதிவுதான் ஒரு தாயைச் சோதிக்கும். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும்; காரணம் எதுவானாலும் சரி. மருத்துவமனைப் பயிற்சியில் விட்ட நாட்களை ஈடுகட்டாமல் பட்டயம் கையில் வராது. பேரனுக்குக் காய்ச்சல் என்று மாதம் நான்கு நாள் அவள் வீட்டில் தங்கினால் ஆண்டின் முடிவில் கணக்கு உதைக்கும். நைட் டூட்டியும் வரும். அந்த இரவுகளில் பையன் யாருடன் படுப்பான், காலையில் யார் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்புவார்?

ஆகவே சொல்ல வேண்டியதில் பாதி உங்களுக்குத்தான் அம்மா. என்னிடம் வந்த மூத்த மாணவிகளில் பாதியில் விட்டவர்கள் பாடம் புரியாமல் விடவில்லை. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இருந்தவர் ஆறு மாதத்தில் சலித்துப் போனதால் விட்டார்கள். "உன் இஷ்டம், படித்துக்கொள்" என்பது போதாது. மூன்று ஆண்டுகள் பையனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். உங்கள் உடம்புக்கு முடியாத நாளில் யார் வருவார் என்பதையும் மருமகனோடு உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள். உங்களால் முடியாது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. வேறு ஏற்பாடு தேட அவளுக்கு நேரம் கிடைக்கும்.

பணத்தைப் பற்றி. அரசு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. தனியார் பள்ளி என்றால் கட்டணத்தோடு சீருடை, விடுதி, புத்தகம், பயிற்சிப் பயணம் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று ஆண்டுக்கும் கணக்குக் கேளுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் மாணவருக்கு மேல் வயது வரம்பு கிடையாது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வயதைக் காட்டிக் கிளையில் தட்டிக்கழித்தால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சம்பள விஷயத்தில் உங்களை ஏமாற்ற மாட்டேன். 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகளிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு பரிந்துரைத்தது. இன்றும் பல சிறிய மருத்துவமனைகள் அதைத் தருவதில்லை. உயிரைக் கையில் பிடித்திருப்பவர்களுக்கு நாம் கொடுக்கும் கூலி வெட்கத்துக்குரியது. எய்ம்ஸ் செவிலியர் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் 30 வயதுதான் வரம்பு. அந்தக் கதவு அவளுக்கு மூடியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அவள் கண் வைக்க வேண்டியது அங்கே. டயாலிசிஸ் பிரிவிலும், வலி தணிப்புச் சிகிச்சையிலும், முதியோர் பராமரிப்பிலும் நிதானமான கைகளுக்குத் தேவை கூடிக்கொண்டே வருகிறது. அப்பாவைப் பார்த்துக்கொண்ட அனுபவம் அங்கேதான் பேசும்.

"ஊர் என்ன சொல்லும்" என்று ஒரு கேள்வி எழுதி, பிறகு அதை அடித்திருக்கிறீர்கள். சகோதரி சுப்புலட்சுமி, தானே இளம் விதவையாக இருந்தவர், சென்னையில் விதவைப் பெண்களைப் படிக்க வைத்தபோது ஊர் இதைவிட அதிகம் சொன்னது. வயது வந்த பெண்களும் பள்ளிப்படிப்பை முடிக்க வேண்டும் என்பதற்காக 1927இல் அவர் தொடங்கியதுதான் சாரதா வித்யாலயா. நீங்கள் அடித்த அந்தக் கேள்வி அடித்ததாகவே இருக்கட்டும்.

அடுத்த வாரம் ஒருநாள் மகளோடு வாருங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள்; ஏதாவது தொலைந்திருந்தால் நகல் வாங்க வாரங்கள் ஆகும், அதை இப்போதே தொடங்கிவிடலாம். பேரனையும் அழைத்து வாருங்கள். அம்மா இல்லாத இரவுகளைப் பற்றி அவனிடமும் பேச வேண்டும்.