கையெழுத்து வைத்தாயிற்று, சட்டம் எங்கே?

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் பேசும் சட்டத்தரணி நான். சர்வதேசக் குற்ற ஒப்பந்தங்கள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கொட்டாஞ்சேனை, சட்ட மாணவர்: அக்கா, நாடு ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டால் அதையே நீதிமன்றத்தில் காட்டி வழக்குப் பேச முடியாதா?

முடியாது தம்பி. பாராளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும். 2006இல், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட சிங்கராசாவின் வழக்கில் உயர் நீதிமன்றம் இதை முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னது: ஐ.நா. மனித உரிமைக் குழு அவருக்குச் சாதகமாகக் கருத்துச் சொல்லியிருந்தும், அதற்கு இங்கே சட்ட வலு இல்லை. இனப்படுகொலை ஒப்பந்தத்தில் 1950இலேயே சேர்ந்துவிட்டோம், ஆனால் இன்றைக்கும் அந்தப் பெயரில் ஒரு குற்றம் நம் சட்டத்தில் கிடையாது.

தெஹிவளை: சித்திரவதைக்காவது சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது, 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். 7 முதல் 10 வருடம் வரை சிறை, விசாரிப்பது மேல் நீதிமன்றம். ஆனால் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தம் 'கடும் வலி அல்லது வேதனை' என்கிறது, நம் சட்டம் எழுதியவர்கள் 'வேதனை'யை விட்டுவிட்டார்கள். ஒரு சொல்தானே என்று நினைக்காதீர்கள், அடித்த தழும்பே இல்லாமல் நாட்கணக்கில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் எதிர்த்தரப்பு அந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொள்ளும்.

வத்தளை: ஜெனீவா ஒப்பந்தச் சட்டம்?

2006இன் 4ஆம் இலக்கம். போரில் காயப்பட்டவர்கள், கைதிகள், பொதுமக்களைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தங்களின் பாரதூரமான மீறல்களைத்தான் அது தண்டிக்கிறது, அந்த வகை மீறல் நாடுகளுக்கிடையிலான போருக்குரியது. உள்நாட்டுப் போருக்கு அது பெரிதாக உதவாது.

வெள்ளவத்தை: என் அண்ணா 2009இல் காணாமலாக்கப்பட்டவர். காணாமலாக்குவதற்கு எதிராக 2018இல் வந்த சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

தங்கச்சி, 2018இன் 5ஆம் இலக்கச் சட்டத்தில் முன்னைய சம்பவங்களுக்கும் பொருந்தும் என்று ஒரு வரி கூட இல்லை. அதனால் கட்டாயம் வெல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பிடிகள் இருக்கின்றன. ஆள் எங்கே என்று தெரியும்வரை இந்தக் குற்றம் தொடர்கிறது என்பது ஒன்று, காணாமலாக்குவதற்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தமே அதன் தொடரும் தன்மையைப் பேசுகிறது. மற்றது அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை. செய்த நேரத்தில் குற்றமாக இல்லாததற்குத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, உலக நாடுகள் ஏற்ற பொதுச் சட்டத் தத்துவங்களின்படி அப்போதே குற்றமாக இருந்தால் விசாரிக்கலாம் என்று ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. இது வெறும் ஏட்டுக் கதை இல்லை. 1982 ஜூனில் சேபால ஏக்கநாயக்க அலிட்டாலியா விமானத்தைக் கடத்தினார், அதற்கான சட்டம் அடுத்த மாதம்தான் வந்தது, அப்படியிருந்தும் அவர் தண்டிக்கப்பட்டார்! அன்றைக்குப் பாராளுமன்றம் சட்டத்தை முற்காலத்துக்கும் பொருத்தியது, 13(6) அதற்கு இடம்கொடுத்தது. விமானத்துக்கு ஒரு மாதத்தில் எழுத முடிந்த அந்த வரியை, காணாமலாக்கப்பட்டவர்களுக்காகவும் எழுதச் சொல்லி நாங்கள் கேட்க வேண்டும்.

அப்புறம், முறைப்பாட்டுப் பிரதிகள், கடிதங்கள், அண்ணாவைக் கடைசியாகக் கண்டவர்களின் வாக்குமூலங்கள் எல்லாவற்றையும் திகதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். மூலப்பிரதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.