கொரியனா, தாய்லாந்து மொழியா? பி.காம் படிக்கும் மகளுக்காகக் கேட்ட அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

மகள் பி.காம் முதலாண்டு. சீரியல் பார்த்துப் பார்த்துக் கொரியன் படிக்க ஆசைப்படுகிறாள். பாங்காக்கில் இருக்கும் உறவினரோ, "தாய்லாந்து மொழிதான் சுலபம், ஒரே வருஷத்தில் வேலை" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் குழப்பம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.காமை விடாமல், அதோடு சேர்த்துக் கொரியன் படிக்கட்டும். தாய்லாந்தில் உங்கள் குடும்பத்துக்குச் சொந்தத் தொழிலோ, எழுத்தில் உறுதியான வேலையோ இருந்தால் மட்டும் அந்த மொழியை யோசியுங்கள்.

"சுலபம்" என்ற பேச்சு பெரும்பாலும் அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனத்தின் ஒரு பட்டியலிலிருந்து வருகிறது. தாய்லாந்து மொழிக்குச் சுமார் 44 வாரம், 1,100 மணி நேரம். கொரியனுக்கு 88 வாரம், 2,200 மணி நேரம் என்று அதில் இருக்கும். ஆனால் அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காகப் போட்ட கணக்கு. தமிழ் பேசும் பெண்ணுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

கொரிய வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "பள்ளிக்கு" என்பதில் "கு" ஒட்டுவது போலவே அங்கும் பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும். "நேற்றுப் பார்த்த படம்" என்பதைச் சொல்லின் வரிசை மாறாமல் "ஓஜே பொன் யோங்ஹ்வா" என்று சொல்லிவிடலாம். இந்த இடத்தில்தான் ஆங்கிலேயர் மாதக்கணக்கில் திணறுவார்கள். எழுத்தும் பயமுறுத்தாது. மன்னர் சேஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24, கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் 40. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் வாசிக்கலாம். நம் "க" சொல்லின் முதலில் வல்லொலியாகவும் நடுவில் மெல்ல அதிர்ந்தும் ஒலிப்பது போல அவர்களின் சாதாரண "க"வும் ஒலிக்கும். "காசு" என்பதன் கடைசியில் உதட்டைக் குவிக்காமல் சொல்கிறோமே, ஏறக்குறைய அதே உகரம் கொரியனில் தனி உயிரெழுத்து.

சிக்கல் வேறு இடத்தில். கொரியனில் "ப" மூன்று வகை: சாதாரணம், மூச்சு விட்டுச் சொல்வது, தொண்டையை இறுக்கிச் சொல்வது. தீ, புல், கொம்பு ஆகிய மூன்றின் கொரியப் பெயரையும் தமிழில் எழுதினால் "புல்" என்றேதான் எழுத வேண்டியிருக்கும். அதனால் நோட்டில் தமிழெழுத்தில் உச்சரிப்பு எழுதிப் படிக்கும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வாய்க்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தால், மூச்சொலிக்கு அது ஆட வேண்டும், இறுக்க ஒலிக்கு ஆடக் கூடாது. எண்களும் இரண்டு தொகுதி. மணிக்கு ஒன்று, நிமிடத்துக்கு வேறொன்று: மூன்றரை மணி என்றால் "செ சி சம்சிப் புன்". (அப்பா, அம்மா, புல் என்று சுற்றும் தமிழ்–கொரிய ஒற்றுமைப் பட்டியல்களை ரசிக்கலாம், தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது.)

சீரியலில் படித்த கொரியன் ஒரு ஆபத்தையும் கொண்டுவரும். அதில் நண்பர்களும் காதலர்களும் பேசுவது பெரும்பாலும் நம் "வந்தியா, போ" போன்ற பேச்சு. நேர்முகத்தில் மேலாளரிடம் அப்படி ஒரு வாக்கியம் வந்தாலும் கதை முடிந்தது. அலுவலகத்தில் "நீங்கள்" என்றுகூடச் சொல்லாமல், "புஜாங்னிம்" என்று பதவிப் பெயரால்தான் அழைப்பார்கள்.

இனி தாய்லாந்து மொழி. வினை மாறவே மாறாது. போனேன், போகிறேன், போவேன் எல்லாவற்றுக்கும் ஒரே "பை". காலத்தைக் காட்ட முன்னோ பின்னோ ஒரு சிறு சொல் சேர்ப்பார்கள். உறவினர் சுலபம் என்பது இதைத்தான். ஆனால் தொனி ஐந்து. "மா" என்பதைச் சமமாகச் சொன்னால் வா, உயர்த்திச் சொன்னால் குதிரை, கீழிருந்து மேலே ஏற்றிச் சொன்னால் நாய். "க்லை" சமத் தொனியில் தூரம், இறங்கு தொனியில் பக்கம். கேள்வி கேட்கும்போது வாக்கிய முடிவில் குரலை ஏற்றுவது நம் வழக்கம். அங்கே அப்படிச் செய்தால் கடைசிச் சொல்லின் பொருளே மாறிவிடலாம். இது காதுப் பயிற்சி, புத்தகத்தில் வராது.

எழுத்திலும் வேலை அதிகம். மெய்யெழுத்து 44, அதில் இரண்டு வழக்கொழிந்தவை. இடை 9, உயர் 11, தாழ் 24 என்று மூன்று வகுப்பு. மெய்யின் வகுப்பு, உயிரின் குறில் நெடில், அசையின் முடிவு, மேலே போடும் குறி எல்லாம் சேர்ந்தால்தான் தொனி தெரியும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விடமாட்டார்கள். பல்லவ எழுத்திலிருந்து கெமர் வழியாக வந்த எழுத்து என்பதால், க-வில் தொடங்கும் வரிசையும், கெ, கே போலச் சில உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னால் நிற்பதும் நமக்குப் பழகியதாக இருக்கும். அந்த உதவி அதோடு சரி.

வேலைக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஹூண்டாய், சாம்சங், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்கள். ஆந்திராவின் பெனுகொண்டாவில் கியா. இவற்றுக்கு வேண்டியது கணக்கும் ஜிஎஸ்டியும் தெரிந்து, கொரிய மேலாளரிடம் பேசவும் அறிக்கை எழுதவும் தெரிந்த ஆள். மொழி மட்டும் தெரிந்தவர் மொழிபெயர்ப்பாளரோடு நின்றுவிடுவார். அதனால்தான் பி.காமை விட வேண்டாம் என்றேன்.

கொரிய மொழித்திறன் தேர்வின் பெயர் டோபிக். முதல் தாள் 200 மதிப்பெண்: 80க்கு நிலை 1, 140க்கு நிலை 2. இரண்டாம் தாள் 300: 120, 150, 190, 230 என்று நிலை 3 முதல் 6 வரை. இலக்கு நிலை 4. கொரியப் பல்கலைக்கழக மொழி மையங்களில் ஒரு நிலைக்குப் 10 வாரம், 200 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. நான்கு நிலைக்கு 800 மணி. வாரம் 8 மணி என்றால் இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. "ஆறு மாதத்தில் நிலை 4" என்று விளம்பரம் செய்யும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். சென்னையில் இந்திய–கொரியப் பண்பாட்டு மையமான இன்கோவின் வகுப்புகளை முதலில் விசாரியுங்கள்.

மாணவர்கள் அதிகம் கோட்டைவிடுவது எழுத்துப் பகுதியில். 53ஆம் கேள்வி புள்ளிவிவரத்தைப் பார்த்து 200–300 எழுத்து, 54ஆம் கேள்வி 600–700 எழுத்துக் கட்டுரை. இவை இரண்டுக்கும் சேர்த்து 80 மதிப்பெண். கேட்டல், வாசித்தலில் தலா 70 எடுத்துவிட்டால் எழுத்தில் 10 வந்தாலே நிலை 4 கிடைத்துவிடும். ஆனால் சான்றிதழில் தப்பித்தது வேலையில் வெளிப்பட்டுவிடும். சான்றிதழ் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால் நிலை 4 தேர்வை மூன்றாம் ஆண்டில் எழுதட்டும். முதலாண்டில் எழுதினால் பட்டம் வாங்கும் நேரத்தில் காலாவதியாகிவிடும்.

மேற்படிப்பு ஆசை இருந்தால், கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையில் முதல் ஒரு வருடம் அங்கேயே மொழி சொல்லித்தருவார்கள். நிலை 3 தேறினால்தான் பட்டப்படிப்புக்குள் போக முடியும்.

தாய்லாந்துக்கு வேலைக் கணக்கு வேறு. சுற்றுலா வழிகாட்டி வேலை அந்நாட்டினருக்கே ஒதுக்கப்பட்டது, மொழி எவ்வளவு தெரிந்தாலும் வெளிநாட்டவர் செய்யக் கூடாது. சாதாரண நிறுவனம் ஒரு வெளிநாட்டவருக்கு அனுமதி வாங்க, பொதுவாக நான்கு தாய்லாந்துக்காரரை வேலைக்கு வைத்திருக்க வேண்டும். 20 லட்சம் பாத் மூலதனமும் வேண்டும். உறவினர் சொல்லும் கம்பெனி இந்த இரண்டையும் காட்டுமா என்று கேளுங்கள். காட்டினால், மொழித்திறனுக்குச் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத் தேர்வு இருக்கிறது, அதற்கு அவள் தயாராகலாம்.

ஒரு எச்சரிக்கை. "தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, மொழி தேவையில்லை" என்று வந்தால் பதிலே போடாதீர்கள். அப்படி அழைத்துப்போய் எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள் என்று இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே அறிவித்தது. கொரியாவுக்கும் இப்படி ஒரு வலை உண்டு: இ-9 விசாவில் தொழிற்சாலை வேலை. அது இலங்கை, நேபாளம் போல ஒப்பந்தம் போட்ட நாடுகளுக்கான அரசுத் திட்டம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இலங்கையிலும் வேலைவாய்ப்புப் பணியகம் வழியாகத்தான் போக முடியும். இ-9 வாங்கித் தருவதாக இங்கே யாராவது முன்பணம் கேட்டால், ரசீதுக்குக்கூடக் காத்திருக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.