பட்டியலின் கடைசிப் பெயர்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு எங்கள் சபையில், போரில் இறந்த படைவீரர்களின் பெயர்களை வாசித்து ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். என் அண்ணன் பெயரும் அதில் இருந்தது. ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர், “மகிமை தேவனுக்கு மட்டும்தான். ஆயுதம் எடுத்தவனுக்கு இங்கே என்ன மரியாதை?” என்றார். தப்பு செய்துவிட்டோமோ என்று மனசு உறுத்துகிறது.

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

மூப்பர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. போர் நினைவுச் சின்னங்களில் அடிக்கடி செதுக்கப்படும் வசனம் யோவான் 15:13: “ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை.” இயேசு தன் மரணத்துக்கு முந்தின இரவில் சொன்னது அது. படைவீரரின் சாவை அப்படியே சிலுவையாக்கிவிட்டால், அவரைப் போருக்கு அனுப்பியவர்களை யாரும் கேள்வி கேட்க முடியாமல் போய்விடும். அது எனக்கும் உடன்பாடில்லை.

ஆயுதம் எடுக்கலாமா என்பது சபையின் பழைய வழக்கு. யோவான்ஸ்நானகன் தன்னிடம் வந்த போர்ச்சேவகரிடம் யாருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்றான். வேலையை விடச் சொல்லவில்லை. பட்டயம் எடுக்கிறவன் பட்டயத்தால் மடிவான் என்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. அந்த வழக்கை இன்று நாம் முடிக்கப்போவதில்லை.

ஆனால் மரியாதையே கூடாது என்றால், 2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தை என்ன செய்வது? தாவீது ராஜாவின் பராக்கிரமசாலிகளின் பெயர்கள் அங்கே வரிசையாக வருகின்றன, ஆக மொத்தம் 37 பேர். கடைசிப் பெயர் யாருடையது தெரியுமா? ஏத்தியனாகிய உரியா.

தாவீது தனக்கென்று அபகரித்துக்கொண்ட பத்சேபாளின் கணவன். உடன் சேவகர்கள் வெளியிலே பாளயமிறங்கியிருக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போவேனோ என்று அரண்மனை வாசலில் படுத்துக்கொண்டவன். அவனைச் சண்டை மும்முரமாக நடக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்வாங்குங்கள் என்று சேனாபதி யோவாபுக்குத் தாவீது எழுதிய கடிதத்தை அவனே கொண்டுபோனான். தன் சாவோலையைத் தானே சுமந்தவன். அந்தக் கடிதத்தை நம்மை வாசிக்க வைத்த அதே புத்தகம், மரியாதைப் பட்டியலையும் அவன் பெயரில்தான் முடிக்கிறது. இத்தனைக்கும் அவன் இஸ்ரவேலன்கூட இல்லை. யோவாபுக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் கிடையாது. அவனுடைய ஆயுததாரிக்கு உண்டு!

எனக்குத் தெரிந்த கிறிஸ்தவ மரியாதை இதுதான். வீரனின் பெயரைச் சொல்ல வேண்டும், அவனை அனுப்பியவனின் பாவத்தையும் மறைக்கக் கூடாது. முதல் உலகப்போரில் இறந்த பிரிட்டிஷ் படையினரின் கல்லறைகளில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல் வைத்தார்கள். அடையாளம் தெரியாத உடல்களின் கல்லில் ‘தேவனுக்குத் தெரிந்தவன்’ என்ற பொருளில் எழுதினார்கள். அந்த வரியில் மகிமை யாருக்குப் போகிறது என்று மூப்பரைக் கேட்கலாம்.

சண்டைக்குப் போக வேண்டாம். அந்த 23ஆம் அதிகாரத்தை மட்டும் அவரை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாயில் நுழையாத பெயர்கள்தான் நிறைய. பொறுமையாகக் கடைசிப் பெயர் வரைக்கும் வாசிக்கட்டும்.