பாட்டில் பிறந்த சொல்லும் பாட்டேறி வந்த சொல்லும்: கேள்வி பதில்

மதுரை வாசகர்: ஒரு பாட்டிலேயே பிறந்தது என்று துணிந்து சொல்லத்தக்க கொச்சைச் சொல் உண்டா?

பதில்: உண்டு, வெறிகொண்ட ரசிகரைக் குறிக்கும் 'ஸ்டான்'. அமெரிக்க ராப் பாடகர் எமினெம் 2000-இல் வெளியிட்ட பாட்டில், தன் அபிமானப் பாடகருக்குக் கடிதத்தின் மேல் கடிதம் எழுதி, மறுமொழி வராததால் மனம் பிறழ்ந்து, கர்ப்பிணிக் காதலியோடு காரைப் பாலத்திலிருந்து கவிழ்க்கும் ரசிகனின் பெயர் அது. மறு ஆண்டே நாஸ் என்னும் ராப் பாடகர் அப்பெயரை வசைச் சொல்லாக ஆண்டார். பிறகு தீவிர ரசிகர்கள் தாங்களே அதைப் பெருமையோடு சூடிக்கொண்டார்கள். பெயர், வினையாகவும் வழங்கத் தொடங்கியது. 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலும் ஏறியது. இத்தகைய பிறப்பு மிக அரிது. பாட்டில் முதலில் கேட்டோம் என்பதற்காகப் பாட்டில்தான் பிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சேலம் வாசகர்: 'யோலோ' ராப் பாடகர் டிரேக்கின் ஆக்கமா?

பதில்: அல்ல. 'யூ ஒன்லி லிவ் ஒன்ஸ்' (வாழ்வது ஒரு முறைதான்) என்னும் ஆங்கிலத் தொடர் பழையது. 2011-இல் வந்த அவர் பாட்டு அதன் முதலெழுத்துச் சுருக்கத்தை ஊரெங்கும் பரப்பியது.

கோவை வாசகர்: 'கொலவெறி' தனுஷ் தன் 'ஒய் திஸ் கொலவெறி' பாட்டில் தந்த சொல்தானே?

பதில்: 'கொலைவெறித் தாக்குதல்' என்று நாளிதழ்கள் நெடுங்காலமாக எழுதிவந்ததை நினைத்துப் பாருங்கள். 2011 நவம்பரில் வந்த அந்தப் பாட்டுக்குச் சொல்லைப் படைத்த பெருமை இல்லை.

மீண்டும் கோவை வாசகர்: அது உண்மையான கொலைவெறி. விளையாட்டான பொருளைத் தந்தது பாட்டுத்தானே?

பதில்: தமிழ் வலைப்பதிவர்கள் அதற்கு முன்பே ஒருவரையொருவர் சீண்ட அச்சொல்லைக் கையாண்டார்கள். ஆனால் உங்கள் வாதத்தில் ஒரு பாதியை மனமார ஏற்கிறேன். காபியில் சர்க்கரை குறைந்ததற்குக்கூட 'ஏன் இந்தக் கொலவெறி?' என்று கேட்கும் வாக்கிய அச்சை எல்லார் வாயிலும் பதித்ததும், தமிழறியாதவர் நாவிலும் அச்சொல்லை ஏற்றியதும் அந்தப் பாட்டுத்தான்.

தஞ்சை வாசகர்: 'டேக் இட் ஈஸி' 1994-இல் 'காதலன்' படப் பாட்டில் பிறந்ததா?

பதில்: இல்லை. முதல் பதிலின் முடிவில் சொன்ன எச்சரிக்கையே இதற்கும் விடை.

சென்னை வாசகர்: 'ஓ போடு'?

பதில்: எனக்கு மிகப் பிடித்த சான்று இது. 2002-இல் 'ஜெமினி' படத்துக்காக வைரமுத்து எழுதிய பாட்டின் இத்தொடர் முதலில் பாராட்டுக் கூச்சலாகப் பரவியது. பின்னர், யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் அதைப் பதிவு செய்ய இடமளித்த 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49-ஓ பிரிவை மக்களிடம் கொண்டுசெல்ல, எழுத்தாளர் ஞாநி இதையே முழக்கமாக எடுத்துக்கொண்டார். 'ஓட்டுப் போடு' என்று பழகிய காதுக்கு 'ஓ போடு' விளக்கம் இல்லாமலே புரிந்தது. பாட்டை விட்டு இறங்கி வேறு வேலைக்குப் போன தொடர் இது.

இன்னொரு வாசகர்: கானாவின் தாளக்கட்டு எப்படிப்பட்டது?

பதில்: இசை அறிந்தவரிடம் கேளுங்கள், என் துறை சொற்கள் மட்டுமே.

மூன்றாம் முறையாகக் கோவை வாசகர்: வலைப்பதிவுக்கும் முன்பே எங்கள் கல்லூரி விடுதியில் 'கொலவெறி' கேலியாக வழங்கியது.

பதில்: அப்படியானால் உங்கள் முதல் கேள்விக்கு நீங்களே விடை சொல்லிவிட்டீர்கள். விடுதி மலரிலோ பழைய கடிதத்திலோ அச்சொல் தேதியோடு இருந்தால் அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள். நினைவை மட்டும் நம்பிச் சொல்லின் வயதைக் குறிக்க நான் உடன்பட மாட்டேன்.