கமரா கேள்வி-பதில்: டி700 இன்னும் வாங்கலாமா?

பாவித்த நிக்கொன் டி700 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெறும் 12 மெகாபிக்சல். இதைவிடக் கூட என் கைபேசியிலேயே இருக்கிறது. பிறகு ஏன் இதை இன்னும் தேடித் தேடி வாங்குகிறார்கள்?
– வாசகர், வெள்ளவத்தை

முகத்தின் நிறத்துக்காகவும் கையில் பிடிக்கும் உறுதிக்காகவும். 2008இல் வந்த டி700இல் இருப்பது, அதைவிட மிக விலை கூடிய நிக்கொன் டி3 கமராவின் அதே சென்சர் (ஒளியைப் படமாக்கும் சில்லு). 36 x 24 மில்லிமீற்றர் பரப்பில் 12.1 மில்லியன் பிக்சல்கள் மட்டுமே இருப்பதால் ஒவ்வொன்றும் 8.45 மைக்ரோன் அகலம், அதனால் கூடுதல் ஒளியைப் பிடிக்கும். ஆடிவேல் ரதம் இரவில் வரும்போது ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, எஃப்/2 (லென்ஸ் துவார அளவு), ஷட்டர் வேகம் 1/125 செக்கன் என்று வைத்து எடுங்கள். விளக்கொளியில் தோல் நிறம் கெடாது. ஆனால் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் நிழலை வெளிச்சமாக்கினால் இரைச்சல், அதாவது மணல் தூவினாற்போல் புள்ளிகள், வந்துவிடும். அந்த விஷயத்தில் புதிய கமராக்கள்தான் மேல்.

படத்தின் அளவு 4256 x 2832 பிக்சல். அல்பத்துக்கும் 12 x 18 அங்குலப் பிரின்ருக்கும் தாராளம். வீடியோ கிடையாது. பற்றரி இல்லாமலே 995 கிராம். கலியாண வீட்டில் நாள் முழுக்கச் சுமந்தால் தோள் சொல்லும்.

இன்னொன்று: போகஸ் மோட்டர் பொடிக்குள்ளேயே (கமரா உடலுக்குள்ளேயே) இருக்கிறது. ஆகவே மலிவான பழைய 50 மிமீ எஃப்/1.8டி லென்ஸ் தானாகப் போகஸ் ஆகும். கையால் போகஸ் செய்யும் பழைய ஏஐ லென்ஸ்களின் விபரத்தை மெனுவில் பதிந்தால் ஒளியளவும் சரியாக வரும். பெயரில் ஏஎஃப்-பி (AF-P) என்றிருக்கும் புதிய வகை லென்ஸ் மட்டும் வாங்காதீர்கள், இதில் போகஸ் ஆகாது. பொடியில் மிச்சமாகும் காசை நல்ல லென்ஸில் போடுவதே புத்தி.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

முதலில் கார்ட் துவாரத்துக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். இது பாவிக்கும் சிஎஃப் (கொம்பக்ட் பிளாஷ்) மெமரி கார்டைச் சரித்துத் தள்ளினால் உள்ளேயுள்ள 50 ஊசிகளில் ஒன்று வளைந்துவிடும். வளைந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ஷட்டர் 150,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. எத்தனை அடித்திருக்கிறது என்பது படத்தோடு கமரா பதிந்துவைக்கும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும். அங்கேயே ஒரு படம் எடுத்து, கார்டிலிருந்து நேரே கணினிக்கு ஏற்றிப் பாருங்கள். வட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்த எண் இருக்காது. அடுத்து எஃப்/16இல் வெறும் வானத்தை எடுத்துப் பெருப்பித்தால் சென்சரிலுள்ள தூசி கரும்புள்ளியாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது.

பற்றரி இஎன்-இஎல்3இ. மெனுவில் அதன் ஆயுள் 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் முடிந்தது. ஊதியிருக்கும் போலிப் பற்றரியை உள்ளே தள்ளவே வேண்டாம், இறுகிவிடும்.

பிடியின் றப்பர் ஊதிக் கழன்று வருகிறது. சூப்பர் குளூ போடலாமா?
– வாசகர், தெஹிவளை

கூடாது. அது றப்பரை விறைக்கச் செய்யும், பொத்தான் இடுக்கிலும் இறங்கும். வியர்வையும் வெக்கையும் பட்டால் இந்த மொடலில் பெருவிரல் படும் இடமும் கார்ட் மூடியும்தான் முதலில் ஊதும். துண்டை முழுதாக உரித்து, பழைய பசையை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் மெல்லிய இருபக்க ரேப் வைத்து ஒட்டுங்கள். மிகவும் நீண்டுபோன றப்பர் பழைய இடத்தில் அடங்காது. புதுத் துண்டு வாங்க வேண்டியதுதான்.

கடற்கரைப் பக்கம் இருப்பதால் இதையும் சொல்கிறோம்: தோல் உறையில் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து லென்ஸில் பூஞ்சணம் வரும். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் வைத்து 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறியதும் 120 பாகை அவனில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தினால் மறுபடி பாவிக்கலாம்.